ஹெட்டும் கேமும் மாற்றிய பிறகு எஞ்சின் தகராறு செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

1999 முதல் 2007 வரை ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வந்த மூன்றாம் தலைமுறை வி8 எஞ்சின்களுக்கான வழிமுறை இது. 4.8, 5.3, 6.0 லிட்டர் மூன்றும் இதில் அடங்கும். சில்வராடோ எஸ்எஸ்ஸில் வந்த எல்க்யூ9 எஞ்சினும் இந்தக் குடும்பம்தான். ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல்தண்டு, சுருக்கமாகக் கேம்) மாற்றி, எல்லாவற்றையும் பூட்டிய பிறகு வரும் சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வேலை முடிந்து தகராறோடு வருகிற வண்டிகளில், புது பார்ட்ஸ் கெட்டுப்போய் வந்தவை குறைவு. கை பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்: மாட்ட மறந்த எர்த் ஒயர், நசுங்கிய ஓ-ரிங், நீளம் அளக்காமல் போட்ட புஷ்ராட் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி). அதனால் கேம் சரியில்லை, ஹெட் சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நீங்கள் கழற்றி மாட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: லைவ் டேட்டா காட்டும் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி), ஊசி வைத்த ஆயில் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், அடி-பவுண்டுக்கு ஒன்றும் அங்குல-பவுண்டுக்கு ஒன்றுமாக இரண்டு டார்க் ரெஞ்ச், நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவு புஷ்ராட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அதே தகராறு அடுத்த மாதம் திரும்பி வரும்.

## செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் சுற்றும் சத்தத்தை முதலில் கவனியுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று அதுவே சொல்லிவிடும்.

### வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, பற்றவில்லை

ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்த்தபடி செல்ஃப் அடியுங்கள். பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சார் கனெக்டரைப் பாருங்கள். அது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ஒளிந்திருக்கும். கேம் சென்சார் இல்லாமல்கூட கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிப் பற்றிக்கொள்ளும். கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் பற்றவே பற்றாது.

ஆர்பிஎம் வருகிறது என்றால், ஹெட்டின் பின்பக்கம் பூட்டும் எர்த் ஒயர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். ஃபயர்வாலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடம் அது, அதனால் அடிக்கடி விட்டுப்போகும். அடுத்து, இரு பக்கக் காயில்களுக்கும் போகும் பெரிய கனெக்டர்கள். அதற்கும் பிறகுதான் பெட்ரோல் பிரஷர்: சாவியைத் திறந்ததும் 55 முதல் 62 பிஎஸ்ஐ வரை வர வேண்டும்.

### தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது

சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. இதற்குமேல் செல்ஃப் அடிக்காதீர்கள். பெட்ரோல் ஃபியூஸையும் இக்னிஷன் ஃபியூஸையும் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து எட்டு சிலிண்டரும் அளந்துவிடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எதுவும் 100 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கக்கூடாது.

எட்டும் சேர்ந்து குறைவாக இருந்தால், டைமிங் தப்பியிருக்கலாம், அல்லது புஷ்ராட் நீளம் அதிகமாகி எல்லா வால்வும் மூடாமல் தொங்கலாம். ஒரே பக்கத்து நான்கும் குறைந்தால் அந்தப் பக்கத்து ஹெட்டில் தேடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வு கவரைத் திறந்து புஷ்ராட் தன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

டைமிங் சரியென்றால் கேம் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளி ஆறு மணி இடத்திலும் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் புள்ளி பன்னிரண்டு மணி இடத்திலும் நேருக்கு நேர் நிற்கும். வெளியில் வாங்கும் செயின் செட்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிக்குழிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியும் இருக்கும். ஒரு குழியில் மாட்டிவிட்டு இன்னொரு குழியின் குறியை வைத்து நேர்பார்த்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். புள்ளியும் புள்ளியும் சேர்ந்திருப்பதால் சந்தேகமே வராது.

### சுற்றிக்கொண்டிருக்கும்போதே முட்டி நிற்கிறது

பேட்டரியைக் கழற்றுங்கள். பிளக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கிராங்க் போல்ட்டைப் பிடித்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிளக் துளை வழியே கூலண்ட் பீய்ச்சினால், ஹெட்டைத் தூக்கியபோது சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீராக இருக்கலாம். வெளியேற்றி ஆயிலையும் மாற்றிவிடலாம். திரும்பவும் தண்ணீர் வந்தால் கீழே ‘ஹீட் ஆகிறது’ பகுதிக்குப் போங்கள்.

இரும்பு இரும்பில் முட்டுவதுபோல் கட்டியாக நின்றால் ஒரு துளியும் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. பெரிய கேம் போடும்போது இன்டேக் பக்கம் 0.080 அங்குலமும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. களிமண் வைத்து அதை அளக்காமல் பூட்டியிருந்தால் இங்கேயே நிறுத்தி, கேம் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## ஆயில் பிரஷர் ஏறவில்லை

மற்ற எந்த அறிகுறி இருந்தாலும் இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். எஞ்சின் பற்றிய சில விநாடிகளில் முள் ஏறவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். கொஞ்சம் ஓடவிட்டால் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் போன பேரிங்குகள் ஏராளம்.

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருக்கிறது. மேனிஃபோல்டைத் தூக்கும்போது அது அடிபடலாம், கனெக்டர் பாதி மாட்டியிருக்கலாம். அதே துளையில் ஊசி கேஜ் மாட்டி அளங்கள். சூடான எஞ்சினில் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவு 1,000 ஆர்பிஎம்மில் 6 பிஎஸ்ஐ, 2,000-ல் 18, 4,000-ல் 24. குளிர்ந்த எஞ்சினில் இதைவிட நன்றாகவே கூட இருக்கும்.

கேஜும் ஏறவில்லையா? ஆயில் அளவும் ஃபில்டரும் சரியென்றால், ஆயில் பம்பைக் கழற்றினீர்களா என்பதே அடுத்த கேள்வி. கழற்றியிருந்தால் பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கலாம். பெட்ரோல், இக்னிஷன் ஃபியூஸ்களைக் கழற்றி, பிளக் இல்லாமல் சிறு சிறு தவணையாகச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால், பிளாக்கின் ஆயில் கேலரி வழியே அழுத்தத்தோடு ஆயில் செலுத்தி பம்பை நனைக்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால், தொட்டியிலிருந்து பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கைத்தான் நான் சந்தேகிப்பேன். பம்போடு அந்தக் குழாய் ஒரே ஒரு போல்ட்டால் சேர்கிறது. ஓ-ரிங்கை ஆயிலில் நனைக்காமல், குழாயைக் கையால் நேராக உள்ளே அழுத்தாமல், போல்ட்டை இறுக்கியே உள்ளே இழுத்தால் குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும். ஓ-ரிங்கின் மறுபக்கம் பிறை வடிவில் வெட்டுப்பட்டுவிடும். கழற்றிப் பார்த்தால் நகக்கீறல் அளவுதான் தெரியும், ஆனால் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்க அது போதும். ஆயில் நுரைத்திருப்பதும், ஆர்பிஎம் ஏற ஏற பிரஷர் தடுமாறுவதும் இதன் அடையாளம். ஓ-ரிங்கின் தடிமன் வகைக்கு வகை மாறும், ஆகவே உங்கள் குழாய்க்கு உரியதை மட்டும் போடுங்கள்.

இன்னொரு இடம் கேம் ரிடெய்னர் பிளேட். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீல், ஆயில் கேலரியை அடைக்கிறது. பழைய பிளேட்டை அப்படியே போட்டால் நசுங்கிய சீல் வழியே பிரஷர் போய்விடும்.

இவ்வளவும் சரி, ஆனாலும் பிரஷர் இல்லை என்றால் கேமை உள்ளே தள்ளும்போது கேம் பேரிங்கில் கீறல் விழுந்திருக்கும். அது எஞ்சினை இறக்கிச் செய்யும் வேலை. தொழில்முறைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## டிக் டிக் என்று சத்தம் வருகிறது

எப்போது வருகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

### குளிர்ந்த எஞ்சினில் மட்டும், சூடேறியதும் மறைகிறது

எக்ஸாஸ்ட் கசிவு. லிஃப்டர் (கேமின்மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தூக்கும் பாகம்) என்று நினைத்து வால்வு கவரைத் திறப்பதற்கு முன்னால் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டுகளைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் பின்முனை போல்ட்டுகள் தலை முறிந்துபோவது வழக்கம். ஹெட் மாற்றும்போது உள்ளே முறிந்த துண்டு அப்படியே கிடந்து, மேலே ஹெடரை (வெளியில் வாங்கும் எக்ஸாஸ்ட் குழாய் செட்) பூட்டியிருப்பதும் உண்டு. கசியும் இடத்தில் ஹெட்டின் அலுமினியத்தின்மேல் விசிறிபோல் கருப்புப் புகைக்கறை படிந்திருக்கும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு போர்ட்டாகக் கொண்டுபோனால் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

முறிந்த துண்டு ஹெட் மட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நட்டு வெல்டிங் வைத்து எடுக்கலாம். உள்ளே முறிந்திருந்தால், நேராகத் துளையிட கைடு இல்லாமல் ட்ரில்லை எடுக்காதீர்கள். ட்ரில் அலுமினியத்துக்குள் நழுவினால் போல்ட்டோடு ஹெட்டும் போகும். லேத் பட்டறைக்காரரிடம் விடுங்கள்.

### எப்போதும் வருகிறது, மேல்பக்கம் முழுக்க

தையல் மிஷின் ஓடுவதுபோல் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கேட்டால் லிஃப்டர் ப்ரீலோட் (புஷ்ராட் லிஃப்டருக்குள் முன்கூட்டியே அழுந்தி நிற்கும் அளவு) சரியில்லை. இந்த எஞ்சினில் ராக்கரை (புஷ்ராட் தள்ளும்போது வால்வை அழுத்தும் கை) அட்ஜஸ்ட் செய்ய வழியில்லை. ராக்கர் போல்ட்டை 22 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் தீர்ந்தது. ப்ரீலோடை முடிவுசெய்வது புஷ்ராடின் நீளம் மட்டுமே. கம்பெனி நீளம் சுமார் 7.400 அங்குலம். ஹெட்டை மாற்றினாலும், மட்டம் எடுத்தாலும், கேஸ்கெட் தடிமன் மாறினாலும், கேமின் அடிவட்டம் சிறிதானாலும் இந்தக் கணக்கு தப்பும். ஹெட்டை 0.030 அங்குலம் மட்டம் எடுத்து, கேஸ்கெட்டையும் 0.015 மெல்லியதாகப் போட்டால் ராக்கர் 0.045 அங்குலம் கீழே வந்துவிடும். பழைய புஷ்ராட் அந்த அளவுக்கு லிஃப்டருக்குள் கூடுதலாக அழுந்தும்.

அளக்கும் முறை இது. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது அதன் இன்டேக் பக்கத்தை அளங்கள். இன்டேக் முழுக்கத் திறந்து மூடப்போகும் சமயத்தில் எக்ஸாஸ்டை அளங்கள். ராக்கரைப் பூட்டி இறுக்கிவிட்டு, மேலும் கீழும் ஆட்டம் சரியாக மறையும்வரை அளவு புஷ்ராடை நீட்டுங்கள். அந்த நீளத்தோடு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்லும் ப்ரீலோடைக் கூட்டுங்கள். ஆட்டம் மறைந்த நீளம் 7.325, வேண்டிய ப்ரீலோட் 0.075 என்றால் 7.400 வாங்க வேண்டும். இரண்டு ஹெட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டரில் அளங்கள். உடன் வந்த புஷ்ராட் செட்டை அளக்காமல் போடுவதைப் போல வீண் வேலை வேறில்லை.

### ஒரே இடத்திலிருந்து வருகிறது

அந்தச் சிலிண்டரின் ராக்கரைக் கழற்றி, நடு அச்சில் பக்கவாட்டு ஆட்டம் பாருங்கள். கம்பெனி ராக்கரின் ஊசி பேரிங்குகள் பெரிய கேமுக்கு அசந்துபோய் உதிர்ந்து ஆயிலில் விழும். புஷ்ராடைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் வளைவு தெரியும். இரண்டும் சரியென்றால் லிஃப்டர். ஹெட்டைத் தூக்காமல் இந்த எஞ்சினில் லிஃப்டரை எடுக்க முடியாது. பிளாஸ்டிக் ட்ரேயில் திரும்பி உட்கார்ந்த லிஃப்டரின் ரோலர், கேமின் லோபையே, அதாவது வால்வைத் திறக்கும் மேட்டையே, அரித்துவிடும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். பளபளக்கும் இரும்புத் தூள் இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பாதி சிலிண்டரை அணைக்கும் வசதியுள்ள அடுத்த தலைமுறை எஞ்சினில் இந்தச் சத்தம் வந்தால், அந்த வசதிக்கான பழைய லிஃப்டர்களின்மேல் சாதாரண கேம் போட்டார்களா என்று கேளுங்கள். இரண்டும் சேராது.

## ஐட்லிங் நிற்கவில்லை

பெரிய கேம் குதித்துக் குதித்து ஓடும், அது அதன் இயல்பு. சீரான தாளத்தில் குதித்தால் பிழையில்லை. தாளம் தப்பி, ஆர்பிஎம் மேலும் கீழும் அலைந்து அணைந்தால்தான் தேட வேண்டும்.

புது கேமுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் டியூன் (எஞ்சினை நடத்தும் மென்பொருள் அமைப்பு) மாற்றவில்லை என்றால் வேறு எதையும் தொடாதீர்கள். மேனிஃபோல்ட் பிரஷர் கம்பெனி கேமில் ஐட்லிங்கில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும். பெரிய கேமில் அது 50-ஐத் தாண்டலாம். பழைய டியூன் இதை எஞ்சின்மேல் விழுந்த லோடு என்று எடுத்துக்கொண்டு குழம்பும்.

டியூன் சரியென்றால் வேக்கம் கசிவைத் தேடுங்கள். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்று எங்கோ உள்ளே போகிறது. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் அது பெட்ரோல் பக்கத்துக் குறை. பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று சொல்லும் பி0171, பி0174 கோட்கள் இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்: பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது), மேனிஃபோல்டின் பின்னால் செருகும் மேப் சென்சாரின் (மேனிஃபோல்ட் பிரஷரை அளப்பது) ரப்பர். ஒன்று மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து இன்டேக் கேஸ்கெட். மேனிஃபோல்ட் போல்ட்டுகளை முதல் சுற்றில் 44, இரண்டாம் சுற்றில் 89 அங்குல-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் நல்லது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் க்ளீனர் அடித்துக் கசிவு தேடுவதை நான் சொல்ல மாட்டேன், தீப்பிடிக்கும்.

நியூட்ரலில் நன்றாக ஓடி, கியரில் போட்டதும் அணைந்தால் பிழை எஞ்சினில் இல்லை. கம்பெனி டார்க் கன்வெர்ட்டர் இந்தக் கேமுக்குக் கீழ் ஆர்பிஎம்மிலேயே பிடித்துவிடுகிறது. ஐட்லிங் ஆர்பிஎம்மை டியூனில் ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் ஸ்டால் வேகம் கூடிய, அதாவது இன்னும் மேல் ஆர்பிஎம்மில் பிடிக்கும் கன்வெர்ட்டர் தேவை. கியர்பாக்ஸை இறக்கும் வேலை என்பதால் கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிரேக் பெடல் கல்போல் இருந்தால் வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். பூஸ்டருக்கு வேக்கம் போதவில்லை என்று அர்த்தம். ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு இது உயிர் விஷயம். பூஸ்டர் குழாய் சரியாக இருந்தும் பெடல் இறுகினால் தனி வேக்கம் பம்ப் வைத்தே ஆக வேண்டும்.

## மிஸ்ஸிங் அடிக்கிறது

எந்தச் சிலிண்டர் என்று சொல்லாத பி0300 மிஸ்ஸிங் கோட் மட்டும் வந்து, ஓட்டும்போது உதறல் எதுவும் தெரியவில்லை என்றால் கேமின் குதிப்பையே கம்ப்யூட்டர் மிஸ்ஸிங் என்று எண்ணுகிறது. கிராங்க் வேறுபாட்டைக் கற்கும் நடைமுறையை ஸ்கேனரில் ஓட்டுங்கள். கூடவே பி0315 இருந்தால் அது இன்னும் செய்யப்படவில்லை என்று பொருள்.

பி0301 முதல் பி0308 வரை குறிப்பிட்ட சிலிண்டர் காட்டினால் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோட் கூடவே நகர்ந்தால் காயில். நகராவிட்டால் ஒயரைப் பாருங்கள், ஹெடரில் உரசிக் கருகியிருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழைக் கீறலும் பாருங்கள். பிறகு பக்கத்து இன்ஜெக்டர் கனெக்டரோடு மாறிப்போயிருக்கிறதா என்று ஒயரிங் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பற்றும் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஓட்டுநர் பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை.

எல்லாம் சரி என்றால் கம்ப்ரஷன். அது குறைந்தால் லீக்டவுன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து காற்று எங்கே போகிறது என்று கேளுங்கள். த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். வால்வு என்று தெரிந்ததும் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்புங்கள்.

## ஹீட் ஆகிறது, கூலண்ட் குறைகிறது

முதலில் காற்று. ஹெட்டுகளின் முன்பக்கத்து இரண்டு மூலைகளையும் இணைக்கும் சிறிய ஆவிக்குழாய் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, அதன் ஹோஸ் ரேடியேட்டர் பக்கம் அடைப்பில்லாமல் போகிறதா பாருங்கள். அது அடைத்தால் ஹெட்டில் நீராவி தேங்கும். முள் மேலே நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று சிக்கியிருப்பது உறுதி. வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி மறுபடி நிரப்புங்கள்.

முதல் முறை ஓடும்போது சைலன்சரில் சிந்திய கூலண்ட் வெள்ளைப் புகையாகப் போகும், பயம் வேண்டாம். நன்றாகச் சூடேறிய பிறகும் இனிப்பு வாசனையோடு புகை தொடர்ந்தால் ரேடியேட்டர் வாயில் எரிவாயு சோதனைத் திரவம் வைத்துப் பாருங்கள். நீலம் மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட்.

அது புதுசிலேயே போனால் காரணம் பெரும்பாலும் போல்ட்டில். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும், மறுபடி போடக்கூடாது. துளைகள் அடிமூடியவை. உள்ளே கூலண்டோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அடிவரை இறங்காமல் பொய்யான இறுக்கம் காட்டும், சில நேரம் பிளாக்கையே பிளந்துவிடும். 2004 முதல் வந்த ஒரே நீளப் போல்ட்டுகளுக்கு 22 அடி-பவுண்ட், பிறகு 90 டிகிரி, பிறகு 70 டிகிரி. அதற்கு முந்தையவை இரண்டு நீளத்தில் வரும். அவற்றுக்குக் கடைசிச் சுற்றில் நீளமானதற்கு 90, குட்டைக்கு 50.

கேஸ்கெட் நன்றாக இருந்தும் கூலண்ட் மறைந்து ஆயில் பால்போல் மாறினால் ஹெட்டில் வெடிப்பு. வாங்கியது 706 வார்ப்பு எண் கொண்ட பழைய ஹெட் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பூட்டவே கூடாது. பால் நிறம் கண்டதும் எஞ்சினை ஓட்டாதீர்கள். ஆயிலை வடித்துவிட்டு ஹெட்டை லேத்தில் கொடுங்கள்.

## நீலப் புகை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வு சீல். ஸ்பிரிங் மாற்றும்போது சீல் முழுதாக உட்காராமல் போயிருக்கும். ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிசிவி குழாயையும், இன்டேக் கேஸ்கெட்டையும் பாருங்கள்.

## மேல் ஆர்பிஎம்மில் இழுவை இல்லை

லோடில் கலகலவென்று அடித்தால் டெட்டனேஷன் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது). 6.0 லிட்டர் எல்க்யூ9-ல் 71 சிசி எரியறை உள்ள ஹெட்டுக்குப் பதில் 5.3-ன் 61 சிசி ஹெட் போட்டால் கம்ப்ரஷன் விகிதம் 10-லிருந்து 11-ஐத் தாண்டிவிடும். பழைய டைமிங்கும் குறைந்த ஆக்டேனும் அதற்குத் தாங்காது. மிதியைத் தளர்த்தி, டியூனரிடம் போகும்வரை முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். பி0327 அல்லது பி0332 இருந்தால் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் நாக் சென்சார்களில் (டெட்டனேஷன் அதிர்வை உணர்பவை) ஒன்று துருப்பிடித்திருக்கும், பெரும்பாலும் பின்னால் உள்ளது. நாக் சென்சார் வேலை செய்யாத நிலையில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைக்கும், இழுவையும் குறையும்.

சத்தம் இல்லை, ஆனால் 5,500-ஐத் தாண்டியதும் இழுவை சட்டென்று விழுந்து எஞ்சின் படபடக்கிறது என்றால் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங் அரை அங்குலத்துக்குக் குறைவான லிஃப்டுக்குச் செய்தது. வால்வு மூடுவதற்குள் கேம் முந்திக்கொள்கிறது. கேம் அட்டையில் எழுதிய லிஃப்டோடு ஸ்பிரிங்கின் வரம்பை ஒப்பிடுங்கள், பூட்டிய உயரத்தையும் அளங்கள். இரண்டும் பொருந்தி, கீழ் ஆர்பிஎம்மிலும் மந்தமாக இருந்தால் கேம் சில டிகிரி பின்தங்கி உட்கார்ந்திருக்கும். டிகிரி வீல் (கிராங்கில் மாட்டும் டிகிரி குறித்த வட்டு) வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது கையில் இல்லாவிட்டால் முன்கவரைத் திறப்பதற்கு முன்பே, டிகிரி வீல் வைத்திருக்கும் பட்டறையில் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.